போனில் மஞ்சள், சர்வரில் சிவப்பு

வெப் அப்ளிகேஷன் எழுதுவது ஒரு விசித்திரமான பிழைப்பு: அது ஒழுங்காக ஓடினால் எழுதியவன் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, கோளாறானால் மட்டும் அவன் போன் நம்பர் ஊருக்கே தெரிந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பிழைப்பில் இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். இல்லாதவர்களும் எங்களைப் போன்றவர்கள் புண்ணியத்தில் ஏதாவது ஒரு கவுன்டர் முன்னால் கால்கடுக்க நின்றிருப்பீர்கள். ஆக எல்லோரும் நம் கட்சிதான்.

நானும் என் கூட்டாளி இசக்கியும் சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில், மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்றின் மாடியில் இந்த வேலையைச் செய்கிறோம். ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் நர்சுகள் ஸ்கூட்டியில் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஒரு வெப் பக்கம் எழுதிக் கொடுத்தோம். பிரஷர், ரத்த அளவு, வீக்கம், தலைவலி என்று கேட்டதையெல்லாம் போனில் போட்டால் ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் அடுத்த வாரம் திரும்பப் பார்க்கணும். சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரணும். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், சிரிப்பு கடைசிவரை தாங்காது.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே

முதல் தலைவலி, அந்த நிறத்தை யார் கணக்குப் போடுவது என்பது. நர்சு கையிலிருக்கும் போனே போடலாம், அல்லது எங்கோ தூரத்தில் இருக்கும் எங்கள் சர்வர் போட்டு அனுப்பலாம். ரத்தத்தை இங்கேயே சோதித்துச் சொல்வதா, திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதா என்பது போலத்தான். சர்வர் என்றால் ஒரே இடம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எல்லோருக்கும் ஒரே பதில். சர்வரில் வைத்தேன். ஆஸ்பத்திரி வைஃபையில் பட்டனைத் தொட்டதும் நிறம் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

கிராமத்தில் நிறம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோமதி அக்கா அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்சு. கரிவலம்வந்தநல்லூருக்கு அங்கிட்டு உள்ள ஊர்களெல்லாம் அவர் பொறுப்பு. அங்கே சில ஊர்களில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போய் நின்றால்தான் சிக்னல் வரும். வீட்டில் பிரஷர் பார்த்துவிட்டு, தொட்டிவரை நடந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நிறம் வந்ததும் திரும்பி நடந்து வந்து சொல்ல வேண்டும். வெயிலில் ஒருநாள் நாலு வீடு பார்த்துவிட்டு நேராக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"மாசமா இருக்கவளுக்கு பிரஷர் பாக்கப் போயி, எனக்குல்லா தம்பி பிரஷர் ஏறுது."

கைக்குள்ளே

அதனால் கணக்கை போனுக்கே மாற்றினோம். பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அப்புறம் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறம் அந்த இடத்திலேயே வரும். போட்ட எண்கள் போனிலேயே காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குப் போய்ச் சேரும். முதல் வாரம் கோமதி அக்காவின் போன் அப்படியே உறைந்து நின்றது. மகள் வைத்திருந்து கழித்த போன், கண்ணாடி வேறு விரிசல். இசக்கி உட்கார்ந்து படம், அலங்காரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டான். வெறும் கட்டங்களும் ஒரு பட்டனும் மிச்சம். பிறகு ஓடியது.

நான் ஒன்றே ஒன்று சேர்த்தேன். பக்கத்தைப் புதிதாகத் திறக்கும்போதெல்லாம் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால்தான் உள்ளே விடும். பெண்களின் உடம்பு விவரமாயிற்றே, பாதுகாப்பு வேண்டாமா? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கோமதி அக்காவுக்கும் அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

"இப்பம் கைக்குள்ள டாக்டரம்மாவையே வச்சிக்கிட்டு அலையுத மாதிரி இருக்கு தம்பி."

பிரவுசரை நம்பாதே

நம் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: பிரவுசரிலிருந்து வருவது எதையும் நம்பாதே, சர்வரில் மறுபடி சரிபார். நான் நல்ல மாணவன். போன் காட்டிய நிறத்தை நான் வாங்கி வைக்கவே இல்லை. எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு, மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்காக சர்வர் தன் பங்குக்கு நிறத்தை மறுபடி கணக்குப் போட்டு எழுதி வைக்கும். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு, அப்புறம் எதற்கு இரண்டு நிறத்தைச் சேர்த்து வைக்க? இசக்கி டீ கிளாசோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, நர்சம்மா கண்ணால பாத்தது என்ன கலருன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, எதைலே காட்டுவ?"

பத்து நிமிஷ வேலை

எவனும் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா கூப்பிட்டு விட்டார். பிரஷர் நூற்றி நாற்பதைத் தாண்டி, கூடவே தலைவலியும் இருந்தால் அதுவரை மஞ்சள்தான். இனி அது சிவப்பு, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்றார். கண் மங்கலாகத் தெரிகிறதா என்றும் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. சர்வரிலும் மாற்றினேன், போனுக்குப் போகும் பக்கத்திலும் மாற்றினேன். என் போனில் போட்டுப் பார்த்தேன், சிவப்பு வந்தது. நர்சுகளின் வாட்ஸ்அப் குழுவில் "பக்கம் மாற்றப்பட்டுள்ளது" என்று ஒரு வரி போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. முடிந்தது என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அவ்வளவுதானா தம்பி? ஒரு மாத்திரையை மாத்திக் கொடுத்தாலே ரெண்டு நாள் கூட இருந்து பார்ப்பேன் நான்."

வியாழக்கிழமை

பேச்சியம்மாளுக்கு அது தலைப்பிரசவம், எட்டாம் மாதம். கரிவலத்தை அடுத்த ஒரு சின்ன ஊர். திங்கட்கிழமை கோமதி அக்கா போய்ப் பார்த்திருக்கிறார். பிரஷர் நூற்றி நாற்பத்தாறு, கீழே தொண்ணூற்றாறு, காலில் வீக்கம், தலைவலிக் கட்டத்தில் ஒரு டிக். அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் உலை வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. புருஷன் லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தான். இங்கிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். வயிற்றில் இருந்த பெண் பிள்ளை பிழைக்கவில்லை.

டாக்டரம்மா எனக்குப் போன் செய்து, திங்கட்கிழமை என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டார். சர்வரைத் திறந்தேன். திங்கள், சாயங்காலம் நாலு பத்து, சிவப்பு என்று இருந்தது. ஒரு பிள்ளை செத்த செய்தி காதில் இருக்கும்போதே எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் பக்கம் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது என்ற நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. சிவப்பு என்று சொன்னேன்.

"அப்போ கோமதி சிவப்பைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிருக்கா. இருபத்திரண்டு வருஷம் என்கூட இருந்தவ தம்பி."

விசாரணை

சனிக்கிழமை ஆஸ்பத்திரி மீட்டிங் ரூமில் விசாரணை. டாக்டரம்மா, நிர்வாகி, கோமதி அக்கா, லேப்டாப்போடு நான். சுவரில் பெரிதாகக் காட்டினேன்: பேச்சியம்மாள், நூற்றி நாற்பத்தாறு, தலைவலி உண்டு, சிவப்பு. கோமதி அக்கா அதைப் பார்த்துவிட்டு, எனக்கு மஞ்சள்தான் காட்டியது என்றார். நிர்வாகி என் பக்கம் திரும்பி, கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுமா என்று கேட்டார். ரெகார்டில் இருப்பதை யாரும் மாற்ற முடியாது சார் என்று சொன்னேன். அது உண்மைதான். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதும் எனக்கு உள்ளுக்குள் தெரியும், ஆனாலும் சொன்னேன்.

முடிவு தெரியும்வரை வீட்டில் இருங்கள் என்று கோமதி அக்காவை அனுப்பிவிட்டார்கள். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: வேலை போகும், எழுத்தில் அலட்சியம் என்று இருக்கும், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட விடாது. அக்கா எழுந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"நான் பொய் சொல்லல தம்பி. நீங்க எழுதினதுதான எனக்கு மஞ்சளு காட்டுச்சு?"

மூடாத பக்கம்

அந்த "நீங்க எழுதினது" என்னைச் சாப்பிட விடவில்லை. இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போனைக் கேட்டேன், கொடுத்துவிட்டு உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார். பக்கம் திறந்தே இருந்தது. மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். தலைவலிக்குக் கட்டம் இருந்தது, வீக்கத்துக்கு இருந்தது. கண் மங்கலுக்கு இல்லை. பேச்சியம்மாளின் எண்களை அப்படியே போட்டு, தலைவலியில் டிக் வைத்துப் பட்டனைத் தொட்டேன். மஞ்சள்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கத்தை ஒருமுறை முழுசாக மூடித் திறந்தால்தான் புதிய கணக்கு போனுக்கு வந்து இறங்கும். மூடாதவரை போன் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் பழையதையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும், திரையை அணைத்துப் போட்டாலும் அப்படித்தான். டாக்டரம்மாவின் புது விதி சர்வருக்குத் தெரியும், அக்காவின் போனுக்குத் தெரியவே தெரியாது. அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தார். கடைசியாக எப்போது இந்தப் பக்கத்தை மூடினீர்கள் என்று கேட்டேன்.

"மூடுனா ஓ.டி.பி.ல்லா கேக்கும், அங்கன டவரே கெடையாது. மூடிராதீங்கட்டின்னு எல்லா நர்சுப் பிள்ளைகளுக்கும் நான்தான தம்பி சொல்லிக் குடுத்தேன்."

சர்வருக்குத் தெரியும்

போனை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மாடியில் உட்கார்ந்து மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் மூடித் திறந்தால் பழைய பக்கம் போய்விடும். அக்காவுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் அதோடு போய்விடும், நானும் நல்ல பெயரோடு இருக்கலாம். செய்யவில்லை. ஆனால் ஒரு டீ ஆறும் நேரம் அதை யோசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. முந்தின வாரம் திங்கட்கிழமை நாலு பத்துக்கு, அக்கா கரிவலம் பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது சிக்னல் கிடைத்து எண்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த நிமிஷமே சர்வர் சிவப்பு என்று கணக்குப் போட்டுவிட்டது. வியாழன் மத்தியானம்வரை கிட்டத்தட்ட மூன்று நாள் அவகாசம் இருந்தது. சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெசேஜ் அனுப்பு என்று நான் எழுதவே இல்லை, அது ரிப்போர்ட்டுக்கான கணக்கு, அவ்வளவுதான். இசக்கியிடம் காட்டினேன். அவன் பதிவையும் நேரத்தையும் இரண்டு முறை படித்தான்.

"திங்கக்கெழமையே எழுதி வச்சிட்டு சும்மா கெடந்திருக்குலே. நாம சொல்லச் சொல்லல, அது சொல்லல."

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்

டாக்டரம்மாவின் மேஜையில் லேப்டாப்பை ஒரு பக்கமும் அக்காவின் போனை இன்னொரு பக்கமும் வைத்தேன். இரண்டிலும் ஒரே எண்களைப் போட்டேன். அங்கே சிவப்பு, இங்கே மஞ்சள். எழுதினது நான், சனிக்கிழமை உங்கள் முன்னால் உட்கார்ந்து முழுசாகச் சொல்லாததும் நான் என்றேன். நிர்வாகி உடனே இதை எழுத்தில் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். மற்ற நர்சுகளின் போன்களையும் வாங்கிப் பார்த்தோம், பாதிக்கு மேல் பழையதுதான். கோமதி அக்காவை மறுநாளே வேலைக்கு வரச் சொல்லி டாக்டரம்மா தாமே போனில் பேசினார். பேசிவிட்டு, விரிசல் விழுந்த அந்தப் போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள்னு அவ சொன்னப்போ இதைக் கையில வாங்கி ஒருதரம் பார்த்திருக்கலாம். எனக்கும் தோணலையே தம்பி."

பேச்சியம்மாள் வீட்டில்

வேலை திரும்பக் கிடைத்தும் கோமதி அக்காவுக்கு வேலை பார்க்க முடியவில்லை. சிவப்பைப் பார்த்தும் பேசாமல் போன நர்சு என்று அதற்குள் சுற்று வட்டாரமெல்லாம் பேச்சு பரவியிருந்தது. மாசமாக இருக்கும் பெண்களை, அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதை பேச்சியம்மாள் வீட்டிலும் நீங்கள் வந்து சொல்லணும் என்று என்னைக் கேட்டார். அவர் ஸ்கூட்டி முன்னால், என் பைக் பின்னால். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி, தானாகவே பேசினார். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகமே உப்பியிருந்ததாம். போன் வருவதற்கு முந்திய காலமாக இருந்தால் அப்போதே வண்டியில் ஏற்றியிருப்பேன், மஞ்சளைப் பார்த்ததும் மனசு சமாதானமாகிவிட்டது என்றார்.

வாசலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போனில் ஒரு கணக்கு, சர்வரில் ஒரு கணக்கு, இது பழசு, அது புதுசு என்று நான் விளக்கினேன். எவ்வளவு எளிமையாகச் சொன்னாலும் அது அந்த வீட்டில் அசிங்கமாகத்தான் ஒலித்தது. அப்போ அக்கா மேலே தப்பில்லையா என்று புருஷன் கேட்டான். இல்லை, தப்பு என் மேலே என்றேன். அவன் கோமதி அக்காவைப் பார்த்து, உள்ளே வந்து உட்காருங்க என்றான். அக்கா உட்காரவில்லை. பேச்சியம்மாள் அதுவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"கலரு கெடக்கட்டும் அண்ணாச்சி. தலை பொளக்கு, கண்ணத் தொறக்க முடியலன்னு நான் அக்காட்ட வாயாலயும் சொன்னேன். அதை எதுல ஏத்துனிய?"

இப்போது எந்த நிறமும் தெரிவதற்கு முன்னால் "அந்தப் பெண் வாயால் சொன்னது என்ன" என்று ஒரு கட்டம் வருகிறது, அதை நிரப்பாமல் மேலே போக முடியாதபடி போனிலும் சர்வரிலும் இரண்டு இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், பெரும்பாலான வீடுகளிலிருந்து அதில், மேலே போவதற்காகத் தட்டிய ஒரே ஒரு புள்ளி மட்டும் வந்து சேர்கிறது.